கீழுதட்டில், இடப்பக்கம்

1.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜெபராணி டீச்சரின் உதட்டை முதன்முதலில் திருத்தியது டாக்டர் இல்லை, நான். அதுவும் அவரைக் கேட்காமல்.

என் பெயர் கோமதிசங்கர். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். வருகிறவர்களின் பருவையும் அம்மைத் தழும்பையும் பிரிண்டின்மேல் பொடிப் பிரஷ்ஷால் சாயம் தொட்டு மறைப்பேன். எங்கள் தொழிலில் அதற்கு டச்சிங் என்று பெயர். தழும்பைக் காணோமே என்று இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. மீதி நேரத்தில் கதை எழுதுகிறேன். என் மனைவி பிருந்தாவைக் கேட்டால் இரண்டும் ஒரே வேலை என்பாள். பாராட்டாகச் சொல்கிறாள் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சருக்குக் கீழுதட்டில் இடப்பக்கம் ஒரு வெள்ளை இருந்தது. மற்ற இடமெல்லாம் நல்ல பழுப்பு. அங்கே மட்டும் நிறம் போய், புளியங்கொட்டை அகலத்துக்கு வெளுத்திருந்தது. 1998 ஏப்ரலில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்கப் படம் எடுக்க வந்தார். நாலு பிரிண்ட் போட்டேன். நாலிலும் அந்த வெள்ளையை மூடினேன். நல்ல மனசோடுதான் செய்தேன். இதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலிலேயே வைத்துவிட்டேன்.

(நேரில் 'டீச்சர், வாங்க' என்பேன். இனி 'அவள்' என்று எழுதப்போகிறேன். கதை என்றால் அப்படித்தானாம். இந்த உரிமையை எனக்கு யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள்.)

2.

தொடக்கம் ஒன்று: "பேசும்போது அவளுடைய உதடுகள்

வேண்டாம். எனக்கு வயசு நாற்பத்தேழு. ஒரு பெண்ணின் உதட்டை வர்ணிக்க ஆரம்பித்தால் பேனா எங்கே போய் நிற்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

தொடக்கம் இரண்டு: "மே மாதம், நாசரேத் பக்கத்திலிருந்து ஒரு வேனில் பதினோரு பேர் பெண் பார்க்க வந்தார்கள்."

இது பரவாயில்லை. ஜெபம் பண்ணிவிட்டு உட்கார்ந்தார்கள். ஜெபராணி காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அத்தை கைப்பையைத் திறந்து நான் எடுத்த படத்தை வெளியே எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"போட்டோவுல இல்லாத ஒண்ணு மொகத்துல இருக்கே. இது என்ன, வெண்குஷ்டமா?"

"சும்மா நெறம் போயிருக்கு, அவ்வளவுதான். வேற எங்கனயும் கெடையாது" என்றாள் ஜெபராணியின் அம்மா.

"பின்ன எதுக்கு மறைச்சீய?"

ஜெபராணி வீட்டில் யாரும் மறைக்கவில்லை. அந்தப் படத்தை அவர்கள் வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பழகிய முகம் என்பதால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியிருக்கிறது. அத்தைக்கு இதை யார் புரியவைப்பது? வேன் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டது. (வேன் காப்பி குடிக்காது. தெரியும். அந்தப் பதினோரு பேரைத் தனித்தனி மனுஷராக எழுத எனக்கு மனசில்லை.)

3.

இது கல்யாணம் தட்டிப்போன கதை என்று நினைத்து ஆறு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். மாப்பிள்ளை போனது அவளுக்கு ஒரு வாரத்து வருத்தம். பெரிய இடி ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோதுதான் விழுந்தது.

ஜெபராணி காது கேளாத பிள்ளைகளுக்கு டீச்சர். வகுப்பில் எட்டுப் பேர். டீச்சரின் உதடு அசைவதைப் பார்த்துத்தான் அவர்கள் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வரும் பிள்ளையின் விரலைப் பிடித்துத் தன் கீழுதட்டில் வைத்துக்கொள்வாள். 'ப' என்பாள், காற்று வந்து விரலில் படும். 'ம' என்பாள், காற்று வராது. முதல் பாடம் அது.

வேன் வந்துபோன பிறகு அவள் வாயைக் கைக்குட்டையால் மறைக்க ஆரம்பித்தாள். வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இது ஒரு டீச்சரின் பழக்கம், அவ்வளவுதான். இந்த வகுப்பில் இது கரும்பலகையைத் துணி போட்டு மூடின மாதிரி. அவளுக்கும் தெரியும். கையைக் கீழே இறக்குவாள். இரண்டு வாக்கியம் போவதற்குள் கை தானாக மேலே வந்துவிடும். எட்டுப் பிள்ளைகளும் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தன.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் தங்களுக்குள் டீச்சர்களுக்குச் சைகையில் பெயர் வைத்திருந்தார்கள். பெரிய டீச்சருக்கு மூக்குக்கண்ணாடி. தையல் டீச்சருக்கு வளையல். ஜெபராணிக்கு, சுட்டுவிரலால் கீழுதட்டில் இடப்பக்கம் ஒரு தொடல். மூன்று வருடமாக அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இப்போது ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அத்தையின் குரல் கேட்டது.

ஆகஸ்டில் பெரிய டீச்சர் சாலோமி அவளைத் தன் அறைக்கு அழைத்தாள்.

"ஜெபா, காலாண்டு லீவு முடிஞ்சு வரும்போது ஒன் கை கீழ இருக்கணும். இல்லேன்னா தையல் பிரிவுக்குப் போயிரு. எனக்கு மனசு கேக்கல. ஆனா பிள்ளைங்க பாவம்லா?"

4.

வண்ணார்பேட்டையில் சிவசண்முகம் என்று ஒரு தோல் டாக்டர். பம்பாய்க்குப் போய் ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஊசி மெஷினால் உதட்டுத் தோலுக்குள் நிறம் ஏற்றுவது. பச்சை குத்துகிற மாதிரிதான். பச்சைக்குப் பதில் உதட்டு நிறம். குத்தினால் கழுவினாலும் போகாது, வருடக்கணக்கில் நிற்கும். ஜெபராணி அவரிடம் போனாள்.

"செய்யலாம்மா. ஆனா இந்த வெள்ளை ரெண்டு வருஷமா வளராம நிக்கணும். வளருற வெள்ளையில ஊசி பட்டா பக்கத்துல புதுசா கெளம்பிரும். பழைய போட்டோ கொண்டா, பாப்போம்."

வீட்டில் இருந்த பழைய படம் 1995இல் வேலையில் சேர்ந்தபோது எடுத்தது. எடுத்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? அதையும் ஏப்ரலில் எடுத்ததையும் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இரண்டிலும் வெள்ளை இல்லை. அப்படியானால் இது நாலு மாசத்துக்குள் புதிதாக வந்து வேகமாக வளருகிறது, இப்போது தொடமுடியாது என்று சொல்லிவிட்டார். எவ்வளவு சொல்லியும் அவர் அவளை நம்பவில்லை, படத்தை நம்பினார்.

நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள். படங்களை என் மேசையில் போட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்கள யாரு கேட்டா?"

"நல்லதுக்குத்தான் டீச்சர்..."

"எது நல்லது? அன்னைக்கு எங்க வீட்டையே பொய்க்காரங்க ஆக்குனீய. இன்னைக்கு எனக்கு இல்லாத நோயைக் கொண்டாந்துட்டீய. எம் மொகம் எப்பிடி இருந்துச்சுன்னு காட்ட எங்கிட்ட ஒரு படம்கூட இல்ல அண்ணாச்சி."

[இங்கே ஒரு நீண்ட மன்னிப்பு எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்தது மேசையில் கிடந்த படங்களை அடுக்கிவைத்தது மட்டும்தான்.]

அவள் படியிறங்கிப் போன பிறகுதான் நெகட்டிவ் ஞாபகம் வந்தது. நான் சாயம் வைப்பதெல்லாம் பிரிண்டில்தான். நெகட்டிவில் கைவைப்பதில்லை. பழைய பிஸ்கட் டின்களில் வருடவாரியாகப் போட்டுவைத்திருப்பேன். நானும் பிருந்தாவும் '95 டின்னைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும்.

"இந்தா, ஒதட்டுல கறுப்புப் பொட்டு" என்றாள் பிருந்தா.

'95, '98 இரண்டையும் ஒரே அளவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். பிரஷ்ஷை டிராயரில் வைத்துப் பூட்டினேன். டாக்டர் அடிக்குச்சி வைத்து இரண்டையும் அளந்தார். ஒரு நூல்கூட வளரவில்லை. "குத்திரலாம்" என்றார். ஒரு குறையைக் காட்டிக்கொடுத்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது என் தொழிலில் அதுதான் முதல் தடவை.

5.

"கலர் பாக்க நீங்களும் வாங்க அண்ணாச்சி. கெடுத்தது நீங்கதான்" என்று செப்டம்பர் இருபத்து நாலாம் தேதி என்னையும் அழைத்துப் போனாள்.

டாக்டரிடம் இருந்த சாயங்கள் வெள்ளைக்காரிகளுக்கானவை, சேமியா ஐஸ் ரோஸ். பழுப்பு சேர்த்துக் கலக்கினார். பல்குத்தும் குச்சியில் தொட்டு உதட்டில் ஒரு புள்ளி வைத்து, சரிதானே என்றார். "டியூப்லைட்ல நெறம் பொய் சொல்லும் சார். வாசலுக்கு வாங்க" என்றேன். டாக்டரும் டீச்சரும் நானும் வாசலில் வெயிலில் நின்றோம். ஒவ்வொரு கலவைக்கும் துடைத்துவிட்டு, வெள்ளையில் ஒன்று, பக்கத்து உதட்டில் ஒன்று என்று இரண்டு புள்ளி. ஐந்து கலவை தோற்றது. ஆறாவதில், பக்கத்து உதட்டில் வைத்த புள்ளி எங்கே என்று தெரியவில்லை. "இதுதான்" என்று நான் கத்தினதில் ரோட்டில் போனவர் சைக்கிளை நிறுத்தினார்.

மரத்துப்போக ஊசி போட்டார். மெஷின் சத்தம் கேட்டதும் நான் வெளியே ஓடிவந்துவிட்டேன். ஆகவே வலியைப் பற்றி எழுதுவது கற்பனை: "எறும்பு கடிப்பதுபோல மெல்ல

(இந்தக் கைப்பிரதியை டீச்சர் வாசித்தார். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'கட்டெறும்புப் புற்றில் வாயை வைத்ததுபோல. தெரியாவிட்டால் எழுதாதீர்கள்.')

முதல் நாள் உதடு வீங்கியது. இரண்டாம் நாள் நிறம் நாவற்பழமாகக் கறுத்தது. ஆறாம் நாள் பொருக்கு உதிர்ந்து, அடியில் பழையபடி வெளுப்பு. அவள் அம்மா ஸ்டுடியோவுக்கு ஓடிவந்தாள்: "ஒண்ணுமே நிக்கலியே தம்பி, அவ சாப்பிட மாட்டேங்கா." டாக்டர் பொறுக்கச் சொன்னார். நான் ஒரு கல்யாண ஆர்டரில் மாப்பிள்ளை தலை வெட்டுப்படும்படி படம் எடுத்துவைத்தேன், அவ்வளவு கவனம். ஒன்பதாம் நாள் நிறம் பைய மேலே வந்தது. பத்தாம் நாள் ஜெபராணி ஸ்டுடியோ வாசலில் வெயிலைப் பார்த்து நின்றாள்.

"தெரியுதா அண்ணாச்சி?"

தேடினேன். வெள்ளை இல்லை. அவள் சிரித்தாள், கை மேலே போகவில்லை. அப்பாடா என்று இருந்தது. உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

6.

இங்கேயே முடிக்கலாம். முடிவு ஒன்று என்று குறித்தும் வைத்தேன். ஆனால் மீதியை டீச்சர் சொன்ன பிறகு முடிக்கமுடியவில்லை.

அக்டோபர் ஐந்து, பள்ளிக்கூடம் திறந்தது. போகும் வழியில் அவளுக்கு ஒரு புதுப் பயம். வெள்ளைதான் போய்விட்டதே, இனிப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடும்? மூன்று மாதமாக வெறுத்த பெயர் இல்லாமல்போகும் என்று நினைத்ததும் நடையைக் குறைத்தாளாம்.

எட்டுப் பேரில் முத்துமாலைக்கு ஒன்பது வயது, ஊர் குலசேகரன்பட்டினம். தசராவுக்கு அப்பா காளி வேஷம், இவள் குறத்தி. வேஷம் கலைத்த சிவப்பு காது மடலுக்குப் பின்னால் இன்னும் இருந்தது. டீச்சரின் உதட்டையே பார்த்தாள். தசரா முடிந்தும் சாயத்தோடு வந்து நிற்கலாமா? தண்ணீர்ப் பானையில் கட்டைவிரலை நனைத்துக்கொண்டு வந்து, டீச்சரின் உதட்டைத் தேய்த்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். புதுத்தோல் எரிந்தது. ஜெபராணி அசையாமல் இருந்தாள்.

முத்துமாலை தன் கட்டைவிரலைப் பார்த்தாள், சாயம் ஒட்டவில்லை. சரி என்று தோளைக் குலுக்கிவிட்டு, மற்ற ஏழு பேரையும் பார்த்து, டீச்சர் வந்தாச்சு என்று சைகையில் சொன்னாள். சுட்டுவிரல், கீழுதடு, இடப்பக்கம்.

ஜெபராணி குனிந்து, கைக்குட்டை இல்லாமல் கேட்டாள்: "அங்க இப்ப ஒண்ணும் இல்லியே முத்து. ஏன் இன்னும் அப்பிடிக் கூப்பிடுத?"

ஜூனுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு முழுசாகப் புரிந்த முதல் வாக்கியம் அது. முத்துமாலை டீச்சரின் சுட்டுவிரலைப் பிடித்தாள். தன் கீழுதட்டில், இடப்பக்கம் வைத்தாள். "ப" என்றாள்.

காற்று வந்து விரலில் பட்டது.

7.

இனிமேல்தான் எனக்குத் தகராறு. அந்தச் சைகை ஒருபோதும் வெள்ளையைக் குறிக்கவில்லை, தன் முதல் பாடத்தைத்தான் குறித்தது என்று ஜெபராணி டீச்சர் நம்புகிறார். "பேரு வச்சது வெள்ளையப் பாத்துத்தான். அந்தப் பிள்ளை பாடத்த ஒப்பிச்சுட்டு, அவ்வளவுதான்" என்கிறார் சாலோமி டீச்சர். முத்துமாலையிடமே கேட்கலாமே என்பீர்கள். கேட்டாயிற்று. இரண்டாம் தடவை கேட்டதும் அலுத்துப்போய் விளையாடப் போய்விட்டாள்.

நாசரேத் வேன் திரும்பி வந்ததா, வேறு வேன் வந்ததா என்று பிருந்தாவே கேட்கிறாள். சொல்லமாட்டேன். டீச்சர் இன்னும் அதே எட்டுப் பேருக்குத்தான் பாடம் எடுக்கிறார், கை கீழேதான் இருக்கிறது. எனக்கு அது போதும்.

போன வாரம் பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். "டச்சிங் கிடையாது அண்ணாச்சி" என்றார். பிளாஷ் வெளிச்சத்தில் பார்த்தால் ஊசி ஏற்றிய நிறத்துக்கும் சொந்த நிறத்துக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரிகிறது. ஆறாவது கலவையில் எனக்குக் கண் தப்பியிருக்கிறது. கை துறுதுறு என்றது. அப்படியே கொடுத்துவிட்டேன்.

இந்தக் கதையின் முடிவிலும் கைவைக்கப்போவதில்லை. பக்கத்தில் யாராவது இருந்தால் இருக்கட்டும், வெட்கப்படாமல் உங்கள் சுட்டுவிரலைக் கீழுதட்டில் இடப்பக்கம் வையுங்கள். 'ப' என்று சொல்லுங்கள். விரலில் என்ன பட்டதோ அதுதான் அவள் பெயர்.