பேர் எழுதாத பத்திரம்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்படித் தொடங்குவது என்றுதான் பிடிபடவில்லை.

“கமிகின் தீவில் கடல் நீலமாக…”

அடித்துவிட்டேன். அப்படி எழுதுகிறவர்கள் கடலைப் பார்க்க வந்தவர்கள். நாங்கள் அதன் கரையில் சிமெண்டு குழைக்கிறவர்கள்.

“கிறிஸ்புலோவின் பேரில் ஒரு கடற்கரை நிலம் இருந்தது. சாவி கேட்காமல் அவன் அதற்குள் நுழைந்ததில்லை.”

இது இருக்கட்டும்.

2

எங்கள் நாட்டில் வெளிநாட்டுக்காரர் மண் வாங்க முடியாது. மேலே எழுப்பும் வீடு அவருடையதாக இருக்கலாம், அடியில் கிடக்கும் மண் ஆகாது. வேண்டுமானால் குத்தகைக்கு எடுக்கலாம். உள்ளூர்க்காரியைக் கட்டிக்கொண்டு அவள் பேரில் வாங்கலாம். ஜெர்மன்காரர் ரைனருக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

“குத்தகைன்னா நான் கிழவனானதும் தொரத்துவாங்க. பொண்டாட்டின்னா அதுக்கு முன்னாடியே தொரத்திடுவா,” என்று சிரித்தார். எங்கள் பேச்சை நன்றாகவே பேசுவார். “புலோ, நீதான்யா நம்பிக்கையான ஆளு. உன் பேரை மட்டும் குடு.”

பேரைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கிறிஸ்புலோ நினைத்தான். நிலம் பதினெட்டு லட்சம் பீசோ. (வரி, முத்திரை, பதிவு, வக்கீல் என்று அதற்கு மேலும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. எல்லாம் ரைனர் பணம்.) அவனைக் காவலுக்கும் வைத்துக்கொண்டார். பேரை இரவல் கொடுத்தால் ஜெயில் என்று யாரும் சொல்லவில்லை.

3

கிறிஸ்புலோ நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவன், மாதா கோயில் கூடத்துச் சாயங்கால வகுப்பில். அதுவரை கட்டைவிரல்தான். பேர் எழுத வந்ததும் கண்டதிலெல்லாம் எழுதினான். பூசிய சுவர் காய்வதற்குள் ஆணியால் எழுதிவிட்டுத் திட்டு வாங்குவான்.

வக்கீல் அறையில் நிலப் பத்திரத்தில் எழுதினான். அடியில் ஒரு கோடும் இழுத்தான். குமாஸ்தா இன்னொரு தாளை நீட்டினான். ஆங்கிலத் தாள். அதிலும் எழுதினான், கோட்டோடு.

அதே நிலத்தைக் கிறிஸ்புலோ விற்றுவிட்டதாகச் சொல்லும் தாள் அது. தேதி இல்லை. வாங்குகிறவர் பேர் வரவேண்டிய இடம் காலி. ரைனர் அதை மடித்துத் தன் பெட்டியில் பூட்டினார்.

[அடிக்குறிப்பு: இரண்டிலும் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அதே வகுப்பு, அடுத்த பெஞ்சு. எனக்கும் கை துறுதுறுத்தது. யாரோ ஒருவன் கதை போல எழுதிவிடலாம் என்று பார்த்தேன். வரவில்லை.]

4

ஏழு வருஷம் கழித்து, போன வாரம் கடிதம் வந்தது. நிலம் உண்மையில் வெளிநாட்டுக்காரருடையது என்று யாரோ மனு போட்டிருக்கிறார்கள். வியாழன் காலை பத்து மணிக்கு அரசு விசாரணை அலுவலகத்துக்கு வந்து, நிலம் வாங்கிய பணம் யாருடையது என்று சத்தியம் செய்து சொல்லவேண்டும். சாட்சியும் வரவேண்டும்.

அன்று மத்தியானம் ரைனர் கிறிஸ்புலோவின் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

“உன் பணம்னு சொல்லிடு. என்னோடதுன்னு தெரிஞ்சா நெலமும் போயிடும், நீயும் உள்ள போயிடுவ.”

“நாள் கூலிக்காரனுக்கு ஏது சார் பதினெட்டு லட்சம்?”

“சேவச் சண்டைல ஜெயிச்சேன்னு சொல்லேன்.”

சோறு போட்டுக்கொண்டிருந்த கிறிஸ்புலோவின் மனைவி நிடா கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். “இவரு சேவலா? போன தடவ களத்த விட்டே ஓடிப்போச்சு. அதத் தேடி ஊரே அலைஞ்சுது.”

நாங்கள் சிரித்தோம். ரைனர் சிரிக்கவில்லை. “நெஜமாவே உன் நெலம்னு நெனச்சுடாத புலோ,” என்றார் மெதுவாக. “அந்தத் தாள்ல யார் பேர வேணாலும் என்னால எழுத முடியும்.”

கிறிஸ்புலோவின் வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது.

அவர் போனபிறகு கேட்டான்: “சத்தியம் பண்ணிப் பொய் சொன்னா அதுக்குத் தனி ஜெயிலாமே?”

“ஜெயில் ஒண்ணுதான். வருஷத்ததான் கூட்டிப்பாங்க,” என்றேன்.

கடைசியில், சவுதியில் வேலை செய்யும் மச்சான் அனுப்பிய பணம் என்று சொல்ல முடிவானது. “ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும்டா,” என்றான். மூன்று தடவை சொல்ல வைத்தான்.

5

இன்று வியாழன். காலையில் கிளம்பும்போது நிடா அவன் காலரைச் சரிசெய்கிற சாக்கில் காதில் ஏதோ சொன்னாள். அவன் முகம் வெளுத்தது. வண்டியில் ஊர்க்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், கேட்க வழியில்லை. கதை எழுதுகிறவனுக்கு அவள் சொன்னது தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது.

முடிவு ஒன்று: “உண்மையச் சொல்லிடுங்க” என்றாள். அவன் சொல்கிறான். படிக்காதவனை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்கிறான். ஏமாற்றியவர்கள் ரைனர், வக்கீல், அப்புறம் அந்தச் சாட்சி…

[இதை முடிக்க மாட்டேன்.]

முடிவு இரண்டு: “புள்ளைங்கள நெனச்சுக்கோங்க” என்றாள். அவன் மச்சான் கதையைச் சொல்கிறான். அலுவலர் பணம் வந்த சீட்டைக் கேட்கிறார். அவன்…

முடிவு மூன்று: “பட்டன் போடல” என்றாள். அவ்வளவுதான். வெளுத்தது என் கண்ணுக்கு மட்டும்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்து, வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன். அவன் உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகிறது. மச்சான் கதைக்கு ஐந்து நிமிஷம் போதும்.

கதவு திறக்கிறது. கிறிஸ்புலோ வருகிறான், பக்கத்தில் ஒரு காவலர். தரையைப் பார்த்தபடியே என்னைக் கடந்து போகிறான்.

“எர்மெலிண்டோ யாரு? உள்ள வாங்க.”

அது என் பேர். பணம் யாருடையது என்று கேட்பார்கள். அவன் சொன்னதையே நானும் சொல்லவேண்டும். இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள், நிடா அவனிடம் என்னதான் சொல்லியிருப்பாள்? சீக்கிரம் சொல்லுங்கள். எழுந்துவிட்டேன்.