சார் பார்க்காத முகம்

என் முகத்தின் இடது பாதியில் பிறந்ததிலிருந்தே பெரிய சிவப்புத் திட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்ததும் வைத்தியராகிவிடாத மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிற அத்தைமார்கள் எதையாவது அரைத்துப் பூசச் சொல்வார்கள். முன்பின் தெரியாத பெரியவர், "பாவம், பொம்பளப் புள்ளைக்குப் போய் இப்படி" என்று என் காதுபடவே உச்சுக்கொட்டுவார். கைக்குழந்தைகள் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

பக்கத்து பெஞ்சுக்காரியோடும் சண்டையில்லை. அவள் வாயைத் திறந்தால் அடுத்த வகுப்பில் பாடம் நின்றுவிடும் என்பதால் அவளுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். சேர்ந்த முதல் நாளே, "இது என்ன, தீ பட்டதா?" என்று கேட்டாள்.

"பொறக்கும்போதே இருக்கு. தோலுக்கு அடியில ரத்தக்குழாய் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

"அப்ப அங்க வெட்டுனா நிறைய ரத்தம் வருமா?"

"வெட்டிப் பாக்கறியா?" என்றேன். அதோடு சிநேகிதம் ஆகிவிட்டோம்.

இப்படி நிம்மதியாக இருந்த எங்களைக் காப்பாற்றத்தான் கவுன்சலிங் சார் வந்து சேர்ந்தார். மாணவர்களின் மனநலத்துக்கென்று பள்ளியில் புதிதாகப் போட்டிருந்தார்கள். தங்கமான மனிதர். ஆனால் தங்க ஊசி என்பதற்காக யாரும் கண்ணில் குத்திக்கொள்வதில்லையே.

முகம் வித்தியாசமாக இருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று அவர் ஒரு வகுப்பு எடுத்தார். என் பெயரைச் சொல்லாமல்தான் எடுத்தார். அறையில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான் என்பதால் பெயருக்கு அவசியமும் இருக்கவில்லை. "முகத்தைப் பாக்காதீங்க, மனசைப் பாருங்க. கேள்வி கேட்டுப் புண்படுத்தாதீங்க" என்றார். ஒலிபெருக்கி கையைத் தூக்கி, "அவ இங்கதானே சார் இருக்கா, அவளுக்கு என்ன பிடிக்கும்னு அவகிட்டயே கேட்டுறலாமே?" என்றாள். சார் அவளை வெளியே நிற்கவைத்துவிட்டு, பிறர் மனதைப் புரிந்துகொள்வது பற்றி மேலே பேசினார். போகும்போது அவளைக் கடைசி பெஞ்சுக்கும் மாற்றிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து வகுப்பே என் மனதைப் பார்க்க ஆரம்பித்தது. மனது எங்கே இருக்கிறது என்று சொல்லித்தர சார் மறந்துவிட்டதால், சிலர் என் காதைப் பார்த்தார்கள், சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள். சார் தன் பங்குக்கு என் தோளுக்குப் பின்னால் இருக்கும் சுவரோடு அன்பாகப் பேசினார். முறைக்கிறவனையாவது நாம் திருப்பி முறைக்கலாம். பார்க்கவே மாட்டேன் என்கிறவர்களை என்ன செய்வது? எனக்கு நிஜமாகவே வலித்தது. வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

நர்சிங் நுழைவுத் தேர்வுக்கான போட்டோவைப் பள்ளியிலேயே எடுத்தார்கள். என் முறை வந்தபோது சார் போட்டோக்காரரின் காதில் ஏதோ ஓதினார். என்ன ஓதினார் என்பது தேர்வுக்கு முந்தின நாள் ஹால் டிக்கெட் வந்தபோது தெரிந்தது. திட்டைச் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். கை அரித்ததோ என்னவோ, மூக்கையும் கொஞ்சம் கூர்மையாக்கி இருந்தார்கள்.

"யாருடி இது, லட்சணமா இருக்கா?" என்றாள் அம்மா. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "இவளை உள்ள விடுவாங்க. உன்னை விடுவாங்களா?"

அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் தேர்வு மையத்தின் வாசலில் நின்றேன். நர்ஸ் ஆவதைத் தவிர எனக்கு வேறு யோசனையே கிடையாது. கேட்டை மூடப்போவதாக மணியும் அடித்துவிட்டார்கள். கண்காணிப்பாளர் அம்மா ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்.

"இது நீ இல்லையேம்மா. யாருக்குப் பதிலா எழுத வந்தே?"

"எனக்குப் பதிலாத்தான் மேடம் இவளை ஒட்டியிருக்காங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்களை அழைத்து வந்திருந்த கவுன்சலிங் சார் ஓடோடி வந்தார். "எங்க பொண்ணுதான் மேடம். எனக்கு நல்லாத் தெரியும்."

"நல்லாத் தெரியுமா? அப்ப அவளைப் பாக்காம சொல்லுங்க. திட்டு எந்தப் பக்கம்?"

நான் சாருக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவருடைய பிடரி வியர்த்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"வலது... இல்ல... அது வந்து, நான் அப்படியெல்லாம் பாக்கறதில்ல மேடம். நான் மனசைத்தான் பாக்கறது."

"மனசுக்கு இங்க போட்டோ ஒட்டலை சார்" என்றார் அவர். காவலாளி கேட்டில் கை வைத்தார்.

எனக்குப் பின்னால் வரிசையில் இருந்து ஒரு குரல் தெரு முனை வரை போனது.

"இடது பக்கம் மேடம்! நெத்தியில ஆரம்பிச்சு, பாதிப் புருவத்தை முழுங்கிட்டு, காதுக்கு முன்னாடி வந்து நின்னுரும். தாடைக்கு அடியில ஒரு சின்னத் துண்டு தனியா இருக்கும், குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். கோபம் வந்தா எல்லாம் கருஞ்சிவப்பாயிடும்."

கண்காணிப்பாளர் என் தாடையை நிமிர்த்தி, அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நேருக்கு நேர் பார்த்துச் சரிபார்த்தார். "உனக்கு எப்படிம்மா இவ்வளவு தெரியும்?"

"பக்கத்துல உக்காந்து பாத்துட்டேதானே இருந்தேன் மேடம். அதுக்குத்தான் சார் என்னைக் கடைசி பெஞ்சுல போட்டாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அங்கிருந்து ஒருத்தி என் முகத்தை ஞாபகம் வைத்திருந்திருக்கிறாள். கண்காணிப்பாளர் என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு, சாரிடம் ஒரு தாளை நீட்டி, போட்டோவில் இருப்பது நான்தான் என்று என் முக அடையாளங்களோடு எழுதித்தரச் சொன்னார். சார் பேனாவைத் திறந்துவிட்டு, பழக்கதோஷத்தில் என் தோளுக்குப் பின்னால் சுவரைத் தேடினார். அங்கே சுவர் இல்லை, கேட்தான் இருந்தது.

"சார்," என்றேன், "பாத்து எழுதுங்க. தப்பா எழுதிராதீங்க."

அவர் மெல்லக் கண்ணைத் திருப்பி என் முகத்துக்குக் கொண்டுவந்தார். நெற்றி, புருவம், காது என்று பார்த்துக்கொண்டே வந்தார். அவர் முகம்தான் சிவந்தது.

"கருஞ்சிவப்பா ஆகும்னு அந்தப் பொண்ணு சொன்னாளே," என்றார் தயங்கியபடி, "இப்ப அப்படித் தெரியலையேம்மா?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இப்ப கோபம் இல்லை சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.