வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

மாசி பிறந்து மழையின் பேச்சே இல்லாத நாளில், அடுப்படிக் குசினியின் பின்சுவரோரம் தண்ணீர் தேங்கி நின்றது. சற்றுத் தள்ளிக் கக்கூசுக் குழி. அதற்கும் அப்பால் கிணறு. உரும்பிராயில் அந்தச் சிறுதெரு ஒழுங்கைச் சனம் முழுவதும் குடிக்க அள்ளிப்போகும் நல்ல தண்ணீர்க் கிணறு அது.

"குழிதான் உடைஞ்சு கசியுது," என்று கஜீபன் முடிவாகச் சொன்னான். "மேசன் கனகலிங்கம் அண்ணையை இந்த மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிப்போட்டன். குழியை இடிச்சு மூடுவம். கிணத்தையும் மூடவேண்டியதுதான்."

அவன் தாய் குணலட்சுமி அன்றோடு குடிக்கவும் முகம் கழுவவும் கிணற்றில் அள்ளுவதை விட்டாள். வீட்டுக்குப் போத்தல் தண்ணீர் வரத் தொடங்கியது.

மருமகள் சுவர்ணா அந்தக் குட்டையைத் தினமும் பார்த்தாள். வெள்ளியன்று நிறைந்திருக்கும். பிறகு வற்றிக்கொண்டே போய், வியாழனுக்குள் காய்ந்துவிடும். மறுபடி வெள்ளி நிறையும். குழி கிழமை பார்த்தா கசியும்? வெள்ளிக்கிழமையில் மட்டும் அந்த வீட்டில் நடப்பது ஒன்றுதான். மாமி விடிய எழுந்து, சாமியறையிலிருந்து குசினிவரை வீடு கழுவுவாள்.

இதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு வியாழன் பின்னேரம்வரை துணிவு வரவில்லை.

"மாமி, நாளைக்கு ஒருநாள் வீடு கழுவாமல் விடுவமோ?"

குணலட்சுமி அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "வெள்ளிக்கிழமையோ? உங்கடை வீட்டிலை உப்பிடித்தானோ பழக்கம்?"

சுவர்ணாவுக்குக் காது சூடேறியது. "இல்லை மாமி. நீங்கள் கழுவுங்கோ. தண்ணி வெளியாலை போற ஓட்டையிலை நான் வாளி பிடிக்கிறன்."

"பிடிச்சு?"

"ஒரு சொட்டும் நிலத்திலை விடமாட்டன். பிறகும் அங்கை தண்ணி நிண்டா, குழிதான்."

"படிச்ச பிள்ளையளின்ரை விளையாட்டு," என்றாள் மாமி. மறுக்கவில்லை.

மறுநாள் விடிய மாமி உள்ளே ஊற்ற ஊற்ற, சுவர்ணா வெளியே வாளியை மாற்றி மாற்றி ஏந்தினாள். மத்தியானம் வந்து பார்த்தாள். காய்ந்த மண். பின்னேரம் கஜீபன் வேலையால் வந்து, குந்தியிருந்து விரலால் கிளறினான்.

"அப்ப குழி உடையேல்லை?"

"இல்லை."

அவன் எழும்பாமல் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

"கழுவுற தண்ணி வாழைக்கெல்லோ ஓடுறது," என்றாள் குணலட்சுமி. "இஞ்சை ஏன் நிக்குது?"

சுவர்ணா பிடித்து வைத்த வாளியொன்றை ஓட்டையடியில் ஊற்றினாள். தண்ணீர் வாழைப்பக்கம் கொஞ்சம் போய், திரும்பிச் சுவரடிக்கே வந்தது. வாழையடி மேடாகிக் கிடந்தது. ஒவ்வொரு காலையும் வளவைக் கூட்டி, சருகோடு மண்ணையும் பசளையென்று வாழைக்குத் தள்ளியது யாரென்று அவள் சொல்லவில்லை.

"வடிவாத்தானே கூட்டினனான்," என்றாள் குணலட்சுமி மெல்ல.

"ஓம் அம்மா. வளவையே தூக்கி அங்காலை வைச்சிட்டியள்," என்றான் கஜீபன்.

முதலில் சிரித்தது குணலட்சுமிதான்.

கஜீபன் மண்வெட்டியால் மேட்டை வெட்டி வழிவிட்டான். அடுத்த வாளித் தண்ணீர் தயங்காமல் வாழைக்குப் போனது. பிறகு கனகலிங்கத்துக்குப் போன் எடுத்து, குழி உடையவில்லை, வரவேண்டாம் என்றான்.

"நல்லதாப் போச்சு தம்பி," என்றது போன். "கக்கூசுக் குழியை நினைச்சு எனக்கும் சாப்பாடு இறங்கேல்லை."

அதற்குள் குணலட்சுமி கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"குடிக்கிறதெண்டா கொதிக்க வைச்சுக் குடிப்பம் மாமி."

"ஓம் பிள்ளை, நீ சொன்னாச் சரி. இது முகம் கழுவ."

வாளி வெறுமையாகும்வரை கழுவினாள். பிறகு இன்னொரு வாளி அள்ளினாள்.