புதியவர்களுக்கான பக்கம்

ஆன்செல் உயிரோடு இருந்தவரை அந்த டிராக்டரை வில்டா தொட்டதில்லை. அவர் தொட விட்டதுமில்லை. விஸ்கான்சினின் வடகோடியில், காட்டை ஒட்டின இருபது ஏக்கரில் அண்ணனும் தங்கையுமாகவே காலம் போய்விட்டது. இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நிலம் அவர் பொறுப்பு. வில்டா ஊர் நூலகத்தில் புத்தகங்களை வகைபிரித்து அடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். ஆகஸ்டில் ஒரு காலை ஆன்செல் காபி ஊற்றிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். அடக்கம் முடிந்து, சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்தவர்களெல்லாம் பாத்திரங்களை வாங்கிக்கொண்டு போன பிறகு, கொட்டகையில் டிராக்டரும் வீட்டில் அவளும் மிச்சம்.

சின்ன ரகம் டிராக்டர். முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் கருவிகளை மாட்டிக்கொள்ள வசதி. பனி விழுவதற்குள் ரோடு வரைக்கும் வழியைச் சரிப்படுத்தியாக வேண்டும், இல்லையென்றால் வசந்தம் வரும் வரை வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். கூடவே வந்த கையேட்டைப் படித்தாள். ஏற்கெனவே தெரிந்தவனுக்கு எழுதினது போல் இருந்தது. வண்டியைக் கிளப்பி, வாளி நிறைய ஜல்லியை அள்ளி, நன்றாக உயரத் தூக்கித் திருப்பினாள். பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியது. எப்படியோ வாளியை இறக்கினாள். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

அன்று மத்தியானம்தான் சிறு டிராக்டர்காரர்கள் கூடும் இணைய மன்றம் ஒன்றில் பெயரையும் மாநிலத்தையும் கொடுத்துச் சேர்ந்து, தன் முதல் கேள்வியைப் போட்டாள். "இறந்துபோன அண்ணனோட டிராக்டர். முன்னாடி ஜல்லி அள்ளினா பின் சக்கரம் தூக்குது. வண்டியில கோளாறா, என்கிட்ட கோளாறா?"

முதலில் வந்தவன், "வெயிட் பத்தலம்மா. இன்னும் கொஞ்சம் சீஸ் சாப்பிடுங்க, சீஸுக்குப் பேர்போன விஸ்கான்சின்தானே," என்று எழுதினான். இன்னொருவன், "இதையே ஆயிரம் பேர் கேட்டாச்சு. தேடிப் பாத்துட்டுக் கேக்கக் கூடாதா?" என்றான்.

மூன்றாவதாக வந்தது பர்டெட் என்ற ஆளின் பதில். கென்டக்கிக்காரர். "கோளாறு ரெண்டு பேருக்கும் இல்ல. வாளியை முழங்கால் உயரத்துக்கு மேல தூக்கிக்கிட்டு ஓட்டாதீங்க. பின்னாடி கனமா எதையாவது மாட்டுங்க. கொட்டகையில பாருங்க, உங்க அண்ணன் அதுக்குன்னே சிமென்ட் ஊத்தின பீப்பாய் ஏதாவது வெச்சிருப்பார்."

போய்ப் பார்த்தாள். மூலையில் இருந்தது. இத்தனை வருஷமாக அதைத் தூண் நட மிஞ்சின சிமென்ட் என்று நினைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் மன்றத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பார்க்கப் பார்க்க அவளுக்குள் இருந்த நூலகக்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்ல பதில்களெல்லாம் பத்து வருஷத்துப் பேச்சுக்கு நடுவே புதைந்து கிடந்தன. புதிதாக வருகிறவன் கேட்டதையே கேட்பான். பழைய ஆட்கள் எரிந்து விழுவார்கள். வந்தவன் அப்படியே போய்விடுவான். பதில் தெரியாமல் போகிறவன் அடுத்த நாள் சரிவில் குறுக்கே ஓட்டிக் கவிழ்வான். நல்ல பதில்களையெல்லாம் திரட்டிப் புதியவர்களுக்காக ஒரே பக்கமாக எழுதித் தரட்டுமா என்று, மன்றத்தை நடத்துகிற ரென்னி கோஸ்ட்கா என்பவனுக்கு எழுதிக் கேட்டாள். "தாராளமா செய்யுங்க. இதுக்கு முன்னாடி மூணு பேர் ஆரம்பிச்சாங்க, ஒருத்தரும் முடிக்கல," என்று பதில் வந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அதுதான் வேலை. காலையில் வழியிலிருந்து பனியைத் தள்ளிவிட்டு, சூப்பைச் சூடாக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவாள். எழுதினதையெல்லாம் பர்டெட்டுக்கு அனுப்புவாள். அவர் ஒவ்வொரு வரியாகப் பிடித்து இழுப்பார்.

"நூலகக்காரம்மா, 'எப்பவும் சீட் பெல்ட் போடவும்'னு எழுதியிருக்கீங்க. ஆள் சாகணுமா?"

"ஏன், பெல்ட் போட்டா சாவாங்களா?"

"தலைக்கு மேல இருக்கிற வளைவுக் கம்பி நிமிந்து நிக்கும்போது போடணும். மரக்கிளை இடிக்குதுன்னு கம்பியை மடக்கிட்டா போடக் கூடாது. கவிழ்ந்தா கம்பி காப்பாத்தாது, குதிச்சுத்தான் தப்பிக்கணும்."

"அப்போ எனக்குத் தெரிஞ்சதே அரைகுறைதான்."

"அதனாலதான் நீங்க எழுதினா புரியுது. எங்களுக்கெல்லாம் எது தெரியாதுன்னே தெரியாது."

மரத்தின் வேர்க்கட்டையைப் பிடுங்கச் சங்கிலியை எங்கே மாட்டுவது என்பதில் மட்டும் ஒரு வாரம் சண்டை. வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கம்பியில் மட்டும்தான் மாட்ட வேண்டும். மேலே மாட்டினால் வண்டி முன்பக்கம் தூக்கி, பின்னால் கவிழ்ந்து ஓட்டுகிறவன் மேலேயே விழும். இதைப் பக்கத்தின் தலையிலேயே போட வேண்டும் என்றார் பர்டெட். எரிபொருள் விவரத்துக்கு அப்புறம் போதும் என்றாள் அவள். கடைசியில் அவர் சொன்னபடிதான் போட்டாள். சண்டை முடிந்துவிட்டதே என்று அன்று சாயங்காலம் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஏப்ரலில் பக்கம் வெளியானது. சீஸ் சாப்பிடச் சொன்ன ஆள்கூட, "நல்ல காரியம்மா," என்று எழுதினான். மேய்ன் மாநிலத்திலிருந்து ஒரு பெண், மேல் கொக்கியில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்த கணவனை இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஓடிப்போய் நிறுத்தினதாக எழுதினாள். வில்டா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

பிறகு மன்றத்தில் புதியவர்கள் கேள்வி கேட்கும் பகுதி அடங்கிப்போனது.

முதலில் அவளுக்கு அது உறைக்கவில்லை. மே மாதம் புது டிராக்டர் வாங்குகிற காலம்; கேள்விகள் குவிய வேண்டும். குவியவில்லை. வருகிறார்கள், படிக்கிறார்கள், போகிறார்கள். எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. கேள்வி இல்லாத இடத்தில் பதில் சொல்கிற ஆளுக்கு என்ன வேலை? பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். பர்டெட்டும் வரவில்லை.

ரொம்ப யோசித்து அவருக்கு எழுதினாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" கீழே தன் போன் நம்பரையும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. குரல் அவள் நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடையை நீங்க ஜோரா அடுக்கி வெச்சுட்டீங்க. வர்றவங்க தானா எடுத்துக்கிட்டுப் போறாங்க. நான் அங்க எங்க உக்காருறது, சொல்லுங்க."

"ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி உங்களுக்கு அலுத்திருக்கும்னு நினைச்சேன்," என்றாள்.

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது.

"என் வீட்டுக்காரி லூவெல்லா முதியோர் இல்லத்துல இருக்கா. ஞாபகம் போயிடுச்சு. தினம் காலையில போவேன். 'பசுவுக்குத் தண்ணி வெச்சீங்களா'ன்னு கேப்பா. பசுவை வித்து வருஷக்கணக்காச்சு. வெச்சுட்டேம்மான்னு சொல்வேன். அடுத்த நிமிஷம் திரும்பக் கேப்பா. அங்க சொல்ற பதில் நிக்காது. வீட்டுக்கு வந்து மன்றத்துல உக்காந்தா அங்கயும் அதே கேள்விதான், ஆனா சொன்னா கேக்கிறவன் எழுந்து போய் வேலையை முடிப்பான். எனக்கு அது வேண்டியிருந்துச்சு."

"எனக்குத் தெரியாதே, பர்டெட்."

"தெரிஞ்சிருந்தாலும் செஞ்சிருக்கத்தான் வேணும். அந்தச் சங்கிலி விஷயம் ஒண்ணே போதும்."

தான் எழுதின பக்கத்தையே மன்றத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. வாய்விட்டுக் கேட்கவில்லை. மேய்ன் பெண்ணின் கணவன் நினைவுக்கு வந்தான்.

அதன் பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூப்பிட்டார். டிராக்டரைப் பற்றி ஆரம்பிப்பார்கள். அது சீக்கிரம் தீர்ந்துபோகும். பிறகு மழை, தக்காளி, ஆன்செலின் பிடிவாதம். சில நேரம் இரண்டு பேரும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்கும். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் அவர், "டிராக்டரை வித்துட்டேன்," என்றார். "ஒஹையோவுல மக வீட்டுப் பக்கத்துலயே லூவெல்லாவுக்கு ஒரு இல்லம் கிடைச்சிருக்கு. நானும் மகளோட போய் இருக்கப் போறேன். மூணாவது மாடி."

"வாங்கினவர் யாரு?"

"நர்ஸ் வேலை பாக்கிற ஆள். ஒண்ணுமே தெரியாது. பாக்க வந்த அன்னைக்கு உங்க பக்கத்தைக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். மறுபடி வரும்போது ஏதாவது கேப்பார்னு சாயங்காலம் வரைக்கும் வாசல்லயே நின்னேன். வந்தார், எல்லாம் சரியா செஞ்சார், டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டார். ஒரு கேள்வி கேக்கல." சிரித்தார். "அவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க."

"மன்றத்துக்காவது வாங்களேன். பக்கத்துல தப்பு இருந்தா யார் பிடிக்கிறது?"

"டிராக்டர் இல்லாதவன் அங்க வந்து என்ன பேச, வில்டா."

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஒஹையோ போன பிறகு இரண்டு ஞாயிறு பேசினார். பேரப்பிள்ளைகள் கத்துவது குறுக்கே கேட்டது. அப்புறம் பேச்சு குறைந்து, நின்றது. கோபமில்லை, வீடு நிறைய ஆட்கள் இருக்கிற இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதை அவள் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே வேலை வைத்துக்கொள்ளவில்லை.

முதல் பனி விழுந்த அன்று, பக்கத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'இதையெல்லாம் படித்த பிறகும் கேட்கலாம். பதிலுக்காகத்தான் கேட்க வேண்டும் என்றில்லை.' ரென்னி அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டான். "இருக்கட்டும் விடு," என்றாள்.

வாரங்கள் போயின. யாரும் கேட்கவில்லை. டிசம்பரில் ஒரு மத்தியானம், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு புதுப் பெயர் வந்தது. மொன்டானாவிலிருந்து யாரோ ஈடா ப்ரூயிட்.

"பக்கம் முழுக்கப் படிச்சாச்சு. எல்லாம் புரியுது. மூணு நாளா சீட்ல ஏறி உக்காந்துட்டு, சாவியைத் திருப்பாம இறங்கி வந்துடுறேன். பதில் வேணாம். யாராவது இருக்கீங்களா?"

வில்டா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கேன். என்ன டிராக்டர்?"

வெளியே மறுபடியும் பனி பிடித்துக்கொண்டது. காலையில் தள்ளின வழி மெல்ல மூடிக்கொண்டிருந்தது. போய்விட்டாள் போலிருக்கிறது என்று வில்டா நினைத்தபோது பதில் வந்தது.

"சிவப்பு."

தனியாக உட்கார்ந்து வில்டா சிரித்தாள். வீட்டுக்குள் அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்ததை எழுதினாள்.

"சரி ஈடா. அது எங்க நிக்குது, சமதரையிலயா?"