குழாய்க்குள் மூச்சு

மரம் அறுக்கும் மிஷினைக் கர்ணன் ஒருமுறை உறும விட்டு நிறுத்தியபோதுதான் நாகஜோதிக்கு அந்தச் சத்தம் கேட்டது. நான்கு வருஷமாக வற்றிக் கிடந்த போர்க்குழாய், மேலே போட்டிருந்த சாக்கைத் தூக்கித் தூக்கிச் சீறிக்கொண்டிருந்தது.

"உள்ள பாம்பு கெடக்கு மதினி. இங்கிட்டு வாங்க," என்றான் கொழுந்தன் கர்ணன்.

"ஏலே, கல்லத் தூக்கி வாயில வச்சு அடை. நேரமாகுது," என்றான் அவள் புருஷன் ராஜபாண்டி. சாய்க்கும்போது திசை மாறாமலிருக்க முதல் தென்னையின் கழுத்தில் கயிறு கட்டியாகிவிட்டது. குரும்பையெல்லாம் உதிர்ந்து காய்ந்து நின்ற நாற்பது மரத்தையும் இன்றைக்கே வெட்டிவிட வேண்டும். ஒருநாள் தள்ளினாலும் தனக்கு மனசு வராது என்று அவனுக்குத் தெரியும்.

நாகஜோதி நகரவில்லை. பாம்பென்றால் விட்டு விட்டுச் சீறும். இது நிறுத்தவேயில்லை. ஒரு பிளாஸ்டிக் பையைக் குழாய் வாயில் மாட்டிப் பிடித்தாள். பை உப்பி விறைத்துக் கைக்குள் திமிறியது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். ஈர மண் வாடை. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு சொட்டு மழையில்லை. வருசநாட்டு மலையில்தான் நாலு நாளாகப் பெய்கிறது. அங்கே இறங்கிய தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள்ளேயே நடந்து வந்து, கீழே அடைந்து கிடந்த காற்றை மேலே தள்ளுகிறதோ? நினைத்ததும் உள்ளங்கால் கூசியது.

"பாம்பில்லங்க. தண்ணி வருது."

"ஆமா, வாரேன்னு கடுதாசி போட்டுருக்கு!"

"போட்டுத்தான் இருக்கு. கயித்த விட்டுப் பாத்துருவோம்."

கொடிக்கயிற்றின் நுனியில் ஒரு டிராக்டர் போல்ட்டைக் கட்டி இறக்கினாள். கயிறு தீர்ந்தது. இழுத்துப் பார்த்தால் போல்ட்டு காய்ந்தே வந்தது. ராஜபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னுங் கயிறு வேணும்," என்றாள்.

வேறு கயிறு மரத்தில்தான் இருந்தது. கர்ணன் அண்ணனைப் பார்த்தான், மதினியைப் பார்த்தான். பிறகு தென்னையில் ஏறி முடிச்சை அவிழ்த்தான்.

இரண்டையும் சேர்த்துக் கட்டி இறக்கி, மூவருமாக இழுத்தார்கள். காய்ந்த கயிறு. காய்ந்த கயிறு. திடீரென்று ராஜபாண்டியின் உள்ளங்கை சில்லிட்டது. இழுப்பதை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இழுங்கண்ணே," என்றான் கர்ணன், கோயிலில் பேசுவதுபோல.

இழுக்க இழுக்க ஈரம் ஓயவில்லை. நாகஜோதி நனைந்த நுனியைப் பிடித்துக்கொண்டு செம்மண்ணில் நேராக நடந்தாள். ஒரு தென்னையைத் தாண்டினாள். அடுத்ததைத் தாண்டினாள். மூன்றாவதன் தூருக்கு வந்தபோதுதான் கயிற்றின் நனைந்த பாகம் முழுவதும் தரையில் நீண்டு கிடந்தது. தென்னையைவிட உயரமான தண்ணீர், அவர்கள் காலுக்குக் கீழே நிமிர்ந்து நின்றது.

ராஜபாண்டி செருப்பைக் கழற்றினான். மண் அதிர்ந்துவிடுமோ என்பதுபோல, கயிற்றை மிதிக்காமல், அதன் ஓரமாகவே மெல்ல நடந்து வந்தான்.