லொவினா கேட்ட கறுப்புத் தொப்பி

பனி உருகி ஆற்றில் மரக்கட்டைகள் இறங்கும் மாதத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் கறுப்புத் துணியைத் தொடக்கூட மாட்டார்கள். புருஷன்மார் எல்லாம் அந்தக் கட்டைகளின்மேல் நின்று ஓட்டிக்கொண்டு வருகிற நேரம். என் புருஷன் ஏமோஸும் போயிருந்தான், அறுந்த பூட்ஸ் கயிற்றுக்குப் பதில் என் கடைப் பச்சை நாடாவைக் கட்டிக்கொண்டு. அந்த நேரம் பார்த்து லொவினா என் தொப்பிக் கடைக்கு வந்து, புருஷனைப் பறிகொடுத்தவள் போடும் கறுப்புத் துக்கத் தொப்பி கேட்டாள்.

"யாருக்கு?"

"பாங்கர் டவுன்ல இருக்கிற ஒரு சிநேகிதிக்கு." என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவ தலையும் உன் தலையும் ஒரே அளவு. உனக்கே வெச்சுப் பாத்துத் தைச்சிடு, கெசியா."

பொய் சொல்பவளை எனக்குத் தெரியாதா? பதினொரு வருஷமாக இந்த ஊர்த் தலைகளை அளக்கிறேன். அவள் புருஷன் ஹைரம்தான் கட்டை ஓட்டுகிறவர்களுக்கு மேஸ்திரி. வாயைத் திறந்தால் வசவு, கையை ஓங்கினால் அடி. போன வாரம் அவனிடமிருந்து அவளுக்கு மட்டும் ஒரு கடிதம் வந்ததும் எனக்குத் தெரியும்.

பக்கத்து விடுதியை நடத்தும் டார்கஸிடம் சொன்னேன்.

"உசுரோட இருக்கிறவனுக்கே துக்கமா? பலே கைகாரி," என்று சிரித்தாள். "ஆளு வெச்சிருப்பா. ஆத்துல ஒருத்தனைத் தள்ளிவிட்டா யாரு கேக்கப்போறா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஸ்திரியைத் தள்ளுகிறவன் பக்கத்தில் நிற்கும் ஏமோஸை விட்டுவைப்பானா? பயத்தில் ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது. ஆனாலும் தைத்தேன், என் தலையில் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்து.

லொவினா தினமும் வந்தாள். "முடிஞ்சுதா?" என்பாள். பிறகு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேவு பார்க்கிறாள் என்று நினைத்தேன். நாலாம் நாள் கேட்டேவிட்டேன்.

"ஹைரம் செத்துட்டா உங்களுக்கு நல்லதுதான், இல்ல?"

அழுதுவிட்டாள். "கட்டையெல்லாம் வந்து சேர்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கார்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாட்டிக்கொண்டவளின் அழுகை அது என்று டார்கஸிடம் சொன்னேன்.

சனிக்கிழமை கட்டைகள் வந்து சேர்ந்தன. ஹைரம் உயிரோடு என் கடைக்குள் வந்தான், பின்னாலேயே லொவினா. அன்று அவன் வாயில் வசவு இல்லை.

"சேதி ஊருக்குத் தெரிஞ்சா வீட்டுக்காரிங்க ஆளனுப்பிடுவாங்க, பசங்க பாதியில இறங்கிப் போயிடுவாங்க, தங்கச்சி. அதான் சொல்லல. கரையிலேயே புதைச்சோம். ஆத்துல போனவங்களுக்குச் செய்யற வழக்கம்போல பூட்ஸ அங்க மரத்துல மாட்டிட்டோம். இத மட்டும் கழட்டி எடுத்தாந்தேன்."

பச்சை நாடாவை மேஜையில் வைத்தான்.

ஏமோஸ் கட்டிக்கொண்டு போன அந்த நாடாவை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டேன். லொவினா அலமாரியிலிருந்த கறுப்புத் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தாள். எங்கேயும் இழுத்துவிட வேண்டியிருக்கவில்லை.