வாடகைக்கு விடாத வெள்ளைக் கொடி

கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கையின் மரண உதவிச் சங்கத்துக்குப் பதினொரு வருடமாக மரியகொறற்றிதான் செயலாளர். சாவு விழுந்தால் கட்டும் வெள்ளைக் கொடிகளும் கதிரைகளும் பந்தல் தறப்பாளும் பூட்டிக் கிடக்கும் அறையின் சாவி, மாதா படம் தைத்த உத்தரியத்தோடு ஒரே நூலில் அவள் கழுத்தில் தொங்கியது. குளிக்கும்போதும் கழற்றமாட்டாள். கொறற்றியைக் கேட்காமல் இந்த ஒழுங்கையில் ஒருவரும் சாக முடியாது என்பது, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற சவுந்தரநாயகத்தின் பகிடி. அவள் அதை மறுத்ததே இல்லை.

கொரோனா ஊரடங்கு போட்ட ஐந்தாவது கிழமை மூன்றாம் இலக்க வீட்டு மெல்ரோய்க்குக் கலை பிடித்தது. ஆள் கொள்ளுப்பிட்டியில் ஒரு விளம்பரக் கம்பனியில் வேலை. தாடி வளர்த்தான், இணையத்தில் ஏதோ குறும்படப் போட்டியைக் கண்டுபிடித்தான், வெளிச்சம் திருப்பக் குடைக்குள் வெள்ளித்தாள் ஒட்டினான், அவ்வளவில் இயக்குநராகிவிட்டான். மரியகொறற்றி ஜன்னல் சீலையை விலக்கி இதையெல்லாம் பார்த்து, வீடு வீடாகப் போன் எடுத்துச் சொன்னாள். பெண்சாதி டில்ஷானி மரக்கறி லொறிக்குப் பின்னால் ஓட, இவர் குசினிச் சுவரில் விழும் வெயிலை ஒரு மணித்தியாலம் படம் பிடிக்கிறாராம்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் அவளிடமே கொடி கேட்டு வந்து நின்றான். சங்க விதியில் அவளே எழுதிவைத்த வரி ஒன்று இருந்தது: சாவு இல்லாமல் கொடி வெளியே போகாது. விதியை மீறினால் பதவியும் சாவியும் போய்விடும்.

“ஆராவது செத்தால் வா,” என்றாள்.

மெல்ரோய் விடாமல், எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொன்னான். கொரோனாவில் புருஷன் சாகிறான். சுகாதார உத்தியோகத்தர் வந்து உடலை எடுக்கிறார், மனைவி கதறுகிறாள். பிணமாகப் படுக்கச் சவுந்தரநாயகம் சம்மதித்துவிட்டார். உத்தியோகத்தராக அடுத்த ஒழுங்கை ஷிராஸ் வெள்ளை மழைக்கோட்டில் வருவான். மனைவிக்குத்தான் ஆள் இல்லை.

“அன்ரி, உங்கட முகத்தில ஒரு துக்கம் இருக்கு. கமராவுக்கெண்டே செய்த முகம்.”

அறை திறக்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஒழுங்கை முகப்புவரை கொடிகள் பறந்தன. மரியகொறற்றி கறுப்புச் சேலை கட்டி, துக்கத்துக்குப் பொருத்தமாகக் கொஞ்சமாகப் பவுடர் போட்டிருந்தாள். சவுந்தரநாயகம் மூக்கில் பஞ்சும், தாடையைச் சுற்றிக் கட்டிய லேஞ்சித் துணியும், கையில் செபமாலையுமாக மெல்ரோயின் விறாந்தையில் கிடந்தார். தேத்தண்ணி எப்போது வருமென்று இரண்டு தரம் சைகையால் கேட்டார்.

அவள் அழத் தொடங்கினாள். பதினொரு வருடம் எத்தனை சாவீட்டில் எத்தனை பேரின் அழுகைக்கு மனதுக்குள் புள்ளி போட்டவள்! எல்லாவற்றிலும் நல்லதைப் பொறுக்கி எடுத்து அழுதாள். அந்த நேரம் தலை முதல் கால்வரை வெள்ளையாக மூடிய ஆள் உள்ளே வந்தான். முகக்கவசமும் கண்ணாடியுமாக ஒன்றும் தெரியவில்லை. யார் செத்தது, என்ன வருத்தம் என்று சிங்களத்தில் கேட்டான்.

ஷிராஸின் நடிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. மரக்கட்டை மாதிரி நிற்கிறான். காட்சியைத் தானே தூக்கி நிறுத்துவதென்று முடிவெடுத்து அவன் காலில் விழுந்தாள். நாலு நாளாகக் காய்ச்சல், இருமல், மூச்செடுக்க ஏலாது, ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தோம், ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து பிணத்தின் முகத்தைக் கொஞ்சிவிட்டுப் போனது என்று அவளும் சிங்களத்திலேயே கொட்டினாள். கடைசித் துண்டு மெல்ரோய் எழுதாதது. கமராவுக்குப் பின்னால் அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

வெள்ளை ஆள் இரண்டடி பின்வாங்கிப் போனை எடுத்தான்.

அப்போதுதான் வாசலில், மழைக்கோட்டும் நீச்சல் கண்ணாடியுமாக இன்னொருவன் மூச்சிரைக்க வந்து நின்றான். “பொலிஸ்ல நிப்பாட்டிட்டாங்க மச்சான், சுணங்கிட்டு.”

அவன்தான் ஷிராஸ்.

சவுந்தரநாயகம் எழும்பி உட்கார்ந்தார். தாடை கட்டியிருந்ததால் அவர் சொன்னது ஒருவருக்கும் விளங்கவில்லை.

பெரிய றோட்டில் போன யாரோ கொடியைக் கண்டு அறிவித்து, உண்மையான சுகாதாரப் பரிசோதகரே வந்திருந்தார். அவருக்குக் கலையில் ஈடுபாடு இல்லை. பிணம் உயிரோடு இருப்பது சரி, காய்ச்சலும் பொய்யென்று யார் உறுதி சொல்வது என்றார். ஒழுங்கையைப் பதினாலு நாள் அடைத்தார்கள். தான் வந்த காட்சி முழுவதையும் மெல்ரோயைக் கொண்டு தன் கண் முன்னாலேயே அழிக்கவைத்துவிட்டுத்தான் அவர் போனார்.

அடைபட்ட சனம் வேறு வேலையில்லாமல், கொடி வெளியே போனதை விசாரிக்கப் போனிலேயே சங்கக் கூட்டம் வைத்தது. படம் வந்தால் ஒழுங்கைக்கே பெயர் என்று மரியகொறற்றி வாதாடினாள். படமும் வந்தது. ஏழு நிமிடம். அதில் ஆறு நிமிடம் குசினிச் சுவர். அவள் தன்னைத் தேடி இரண்டு தரம் பார்த்தாள். ஓரிடத்தில் கொண்டை மட்டும் போனது. போட்டி நடத்தியவர்கள் அதற்கு ஒரு பதில்கூட அனுப்பவில்லை.

பதினைந்தாம் நாள் சவுந்தரநாயகம் முகக்கவசத்தை நாடியில் இறக்கிவிட்டபடி வந்து சாவிக்குக் கை நீட்டினார். சங்கம் புதுச் செயலாளராக அவரைத்தான் தெரிவுசெய்திருந்தது. கழுத்து நூலின் பழைய முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோல் வைத்து நூலை வெட்டவேண்டியதாகிவிட்டது.

“செத்த மனிசனிட்டச் சாவியைக் குடுக்கிற சங்கம் உலகத்திலயே இதுதான்,” என்றாள்.

“என்னவோ கொறற்றி, நீ அழுதது நல்லாயிருந்தது. நான் உண்மையாச் செத்தாலும் என்ர மனிசி அப்பிடி அழமாட்டாள்.”

அவர் போன பிறகு மரியகொறற்றி வெறும் உத்தரியத்தைப் பிடித்தபடி ஜன்னல் சீலையை விலக்கினாள். எதிரே மெல்ரோய் குடையை விரித்து, சுவரில் விழும் வெயிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.